பூஜையில் வைத்த சீல்

அம்பத்தூரில் ஒரு கம்பெனி எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள யாரையும் விசாரிக்க வேண்டாம். ஆயுத பூஜைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். பொரி, கடலை, ஒரு வாழைப்பழம் என்றால் சுமார். கூடவே ஸ்வீட் பாக்ஸ் இருந்தால் கையில் ஆர்டர் இருக்கிறது. ஸ்வீட்டை எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுத்தால் முதலாளி அடுத்த ஷெட் வாடகைக்குப் பார்க்கிறார். "இந்த வருஷம் எளிமையா பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்வது நல்லது.

எங்கள் கம்பெனியில் வீடு வீடாகச் சந்தா வசூலிக்கப் போகும் அண்ணன் ஒருவர் இருந்தார். கொரட்டூர்க்காரர். பூஜைக்கு மறுநாள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுக்க சைக்கிளில் ஒரு சுற்று வந்து, டீக்கடையில் நின்று எந்தக் கம்பெனிக்கு எத்தனை நாள் என்று பலன் சொல்வார். அவர் சொல்லி ஒன்றிரண்டு பலித்தும் இருக்கின்றன.

அப்படிப்பட்ட ஊரில், எங்களுக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் வராத நேரத்தில், எங்கள் எம்.டி. இந்த வருஷம் பூஜையைத் தடபுடலாகச் செய்யப்போவதாக அறிவித்தார். மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். நான் காரணம் தேட ஆரம்பித்தேன்.

எங்களுடையது மெஷின் ஓடுகிற கம்பெனி இல்லை. அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு எலக்ட்ரிகல்ஸ் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. மாதாமாதம் சந்தா கட்டினால் குடும்பத்துக்கு ஒரு மெடிக்கல் கார்டு. உடம்புக்கு வந்தால் எங்கள் பட்டியலில் உள்ள நர்சிங் ஹோமில் கார்டைக் காட்டிச் சேரலாம். அங்கிருந்து எங்களுக்குத் தகவல் வரும். நாங்கள் ஒரு ஸ்லிப் எழுதி, எம்.டி. கையெழுத்தும் கம்பெனி சீலும் போட்டு அனுப்புவோம். செலவைக் கம்பெனி கட்டும். போர்டில் 'மருத்துவ நலத் திட்டம்' என்றுதான் இருக்கும். இன்ஷூரன்ஸ் என்று வாயால் சொல்லலாம், எங்கேயும் எழுதக் கூடாது என்பது எம்.டி.யின் உத்தரவு. சேர்ந்த புதிதில் அதை நான் அடக்கம் என்று நினைத்தேன்.

நான் நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருவேன். அப்பாவுக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. எங்களுக்குக் காய்ச்சல் என்றால் தொழிற்சாலை ஆஸ்பத்திரி, மருந்துச் சீட்டு, எல்லாம் தானாக நடக்கும். கல்லூரி முடித்து வெளியே நாலு தெரு சுற்றிய பிறகுதான் மற்றவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது என்பதே உறைத்தது. உறைத்த உடனே ஏதாவது செய்ய வேண்டும் என்று பறந்தேன். எனக்கு எதிலும் பாதி வேகம் கிடையாது. இந்தக் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்த்த அன்றே போய்ச் சேர்ந்துவிட்டேன். பூந்தமல்லி கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, மூச்சு விடாமல் திட்டத்தை விளக்குவேன். மெத்தை தைக்கிற பாய் ஒருவர், பஞ்சுத் தூசிக்கு நடுவே உட்கார்ந்து, நான் சொன்ன விதிகளை எல்லாம் தலையாட்டிக் கேட்டு, பிறகு ஒவ்வொன்றாக என்னிடமே திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டுதான் கார்டு வாங்கினார். அவர் மனைவியை அந்தத் தெருவில் எல்லோரும் பாயம்மா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். போகும்போதெல்லாம் டீ போட்டுக் கொடுக்காமல் விடமாட்டார்.

ஆடி மாதத்திலிருந்தே எனக்கு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. எம்.டி. காரை ஆபீஸ் வாசலில் நிறுத்துவதை விட்டுவிட்டார். இரண்டு தெரு தள்ளி மார்க்கெட் பக்கம் நிறுத்திவிட்டு, பின்பக்கப் படியில் ஏறி வந்தார். வருகிறவர்கள் உட்காரும் சோபா ரிப்பேருக்குப் போனது. திரும்பி வரவே இல்லை. சோபா ஒன்றும் உடைந்திருக்கவில்லை. தினமும் வீட்டிலிருந்து வரும் அவருடைய சாப்பாட்டுக் கேரியர் நின்றுபோனது. மதியத்துக்கு மேல் இருக்கப்போவதில்லை என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டு வருகிறார் என்று நான் கணக்குப் போட்டேன்.

திங்கட்கிழமை தோறும் மீட்டிங் வேறு. நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று ஆரம்பித்து, குடும்பத்தில் யாருமே ஒழுங்கில்லை என்று முடிப்பார். ஒரு முறை அவர் திட்டியதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஆரோக்கியமானவர்களாகப் பார்த்துச் சேர்க்காமல், வியாதிக்காரர்களாகத் தேடிப் பிடித்து வருகிறோமாம். அதனால்தான் கம்பெனிக்கு நஷ்டமாம். வெளியே படிக்கட்டில் கொரட்டூர் அண்ணன் என்னிடம் கேட்டார்: "நோவே வராதவனுக்கு கார்டு இன்னாத்துக்கு தங்கச்சி? சாமி படத்தாண்ட மாட்டி வைக்கவா?"

நான் சும்மா இருக்கவில்லை. நர்சிங் ஹோம்களுக்கு நாம் ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று எல்லோர் முன்னாலும் எழுந்து கேட்டேன். எம்.டி. கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சிரித்தார்.

"நீ பி.எஸ்ஸி. மேத்ஸ் இல்ல? நம்பிக்கைங்கறது கணக்கு இல்லம்மா."

கட்டுகிறோம் என்றும் சொல்லவில்லை, கட்டவில்லை என்றும் சொல்லவில்லை.

ஆபீசில் நாங்கள் ஒருவரை ஒருவர் நம்புவதும் நின்றுபோயிருந்தது. காலையில் படிக்கட்டில் பேசியது மதியத்துக்குள் எம்.டி.யின் அறைக்குப் போய்விடும். யார் கொண்டுபோகிறார்கள் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். என்னுடைய சந்தேகம் டைப்பிஸ்ட் அக்கா மேல். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர். அவர் மேசை எம்.டி.யின் கதவை ஒட்டி இருந்தது; போனை எடுப்பவரும் அவர்தான். நாங்கள் முணுமுணுக்கும்போது அவர் மட்டும் டைப் அடித்துக்கொண்டே இருப்பார். நான் உள்ளே வந்தால் வேகம் கொஞ்சம் கூடுகிற மாதிரி எனக்குத் தோன்றும்.

பூஜை நாள் வந்தது. வெள்ளிக்கிழமை. வாசலில் வாழைமரம், படி முழுக்க மாக்கோலம். எஸ்டேட் பக்கத்திலிருந்து பூசணிக்காய் உடைக்கிற சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால் எம்.டி. தானே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். டைப்ரைட்டர், ரசீது புத்தகங்கள், சந்தா வசூல் பைகள். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து சீலை எடுத்து வந்தார். மரக்கைப்பிடி போட்ட வட்ட சீல். கம்பெனிக்கு அது ஒன்றுதான். ஒரு பித்தளைத் தட்டில் நிறுத்தி, சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். கடைசியில் டெலிபோனையும் தூக்கி வந்து வைத்து, அதற்கும் பொட்டு வைத்தார். அது மணி அடித்தால் என்ன செய்வது என்று யாரோ கேட்டதற்கு, அடிக்காது என்றார். பார்த்தால் பின்னாலிருந்து வயரையே கழற்றி வைத்திருக்கிறார்.

கற்பூரம் காட்டி முடித்ததும் சொன்னார்: "சாமிக்கு வச்சது எதையும் யாரும் தொடக் கூடாது. திங்கக்கிழமை நல்ல நேரம் பாத்து நானே எடுத்துக் குடுக்கறேன். அதுவரைக்கும் ஆபீஸ் லீவு."

பூஜையில் வைத்ததை மறுபூஜை வரை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டிலும் உண்டுதான். சின்ன வயதில் அந்த ஒரு நாளுக்காகவே எல்லாப் பாடப் புத்தகத்தையும் கொண்டுபோய் வைத்தவள் நான். ஆனால் மறுபூஜை சனிக்கிழமை விஜயதசமி அன்றே வந்துவிடும். திங்கட்கிழமை எங்கிருந்து வந்தது?

ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எவர்சில்வர் டப்பாதான். அப்போது முன்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தைக்கடை பாய் உள்ளே வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. போன் அடித்து அடித்துப் பார்த்திருக்கிறார், போகவில்லை. நேராகப் பஸ் ஏறி வந்துவிட்டார். பாயம்மாவுக்கு முந்தின நாளிலிருந்து வயிற்றுவலி. பூந்தமல்லியில் எங்கள் பட்டியலில் உள்ள நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கிறார். குடல்வால் வீங்கியிருக்கிறதாம், தள்ளிப் போட்டால் உள்ளேயே வெடித்துவிடலாமாம். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. கம்பெனி ஸ்லிப் வந்தால்தான் ஆபரேஷன் என்று சொல்லி அவரை அனுப்பியிருக்கிறார்கள். இதையெல்லாம் அவர் மெதுவான குரலில், பூஜை நடக்கிற இடத்தில் சத்தம் போடக் கூடாது என்கிற மாதிரி சொன்னார்.

எம்.டி. கையைப் பிசைந்தார். "அடடா, சீலைப் பூஜையில வச்சாச்சே பாய். சாமி விஷயம். உங்களுக்குத் தெரியாததா?"

பாய் தட்டைப் பார்த்தார். சந்தனமும் குங்குமமுமாக நின்ற சீலைப் பார்த்தார். எனக்கு இன்றைக்கும் மறக்காதது அடுத்து அவர் செய்ததுதான். சண்டை போடவில்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"சாமிக்கு வச்சதா? சரிங்க சார், அத எடுக்கச் சொன்னா தப்பு. எப்ப எடுப்பீங்க?"

திங்கட்கிழமை எடுத்துவிடுவதாகவும், அதுவரை டாக்டரிடம் தான் பேசிக்கொள்வதாகவும் சொல்லி, தோளில் கைபோட்டு, ஒரு ஸ்வீட் டப்பாவையும் பொரிப் பொட்டலத்தையும் கையில் கொடுத்து எம்.டி. அவரைப் படி வரை கொண்டுவிட்டார். போனின் வயரைக் கழற்றிவிட்டு எதில் பேசப்போகிறார் என்று நான் வாயைத் திறப்பதற்குள், ஊருக்குப் போகிறேன் என்று பின்படியில் இறங்கிவிட்டார்.

மற்றவர்களும் டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட, அறையில் மூன்று பேர்தான் மிச்சம். நான், கொரட்டூர் அண்ணன், டைப்பிஸ்ட் அக்கா. நான் நேராகப் போய்த் தட்டிலிருந்து சீலை எடுத்தேன். சந்தனம் இன்னும் காயவில்லை.

"இன்னா பண்றே நீ?" அண்ணன் பதறிப்போனார். "சாமி குத்தம் ஆயிடப் போவுது. வை தங்கச்சி."

ஸ்லிப்பில் நானே சீல் போட்டுக்கொண்டுபோகிறேன், கையெழுத்து அப்புறம் வாங்கிக்கொள்ளட்டும் என்றேன். அதுவரை பேசாமல் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா திரும்பினார்.

"போட்டாலும் ஒண்ணும் நடக்காதுடி. பாக்கியக் கட்டாம உங்க ஸ்லிப்ப எடுக்க மாட்டோம்னு அந்த நர்சிங் ஹோம்ல போன வாரமே சொல்லிட்டாங்க. சாரே லைன்ல இருந்தாரு. அந்தம்மாவ வச்சுகிட்டு இப்ப சார நெருக்கிப் பாக்கறாங்க."

அப்படியானால் அங்கே ஆபரேஷன் நடக்கப்போவதில்லை. எம்.டி.க்கு அது தெரியும். தெரிந்துதான் ஸ்வீட் டப்பா கொடுத்தார். நர்சிங் ஹோமுக்கும் தெரியும். தெரிந்துதான் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் கட்டிலில் படுத்திருக்கிறார், இன்னொருவர் திங்கட்கிழமை வரை காத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறார்.

இத்தனை நாள் சொல்லாததை அக்கா ஏன் அன்று சொன்னார் என்று எனக்கு இன்றும் தெரியாது. இரக்கமாக இருக்கலாம். கம்பெனி மூழ்குவது உறுதியானதும் கரைப்பக்கம் ஒரு காலை வைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். கேட்க நேரமில்லை. சீலைத் திரும்ப வைக்க மனம் வராமல் டிபன் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டது பின்னால் கேட்டது.

பூந்தமல்லி பஸ்ஸிலும் வாழைமரம் கட்டியிருந்தார்கள். கண்டக்டரின் விசில் கயிற்றில்கூடப் பொட்டு இருந்தது. போய்ச் சேரும்போது சாயங்காலம். பாயம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தார், உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் பாயை வராண்டாவுக்குக் கூப்பிட்டுப் போய் ஒரே மூச்சில் சொன்னேன்: இங்கே ஆபரேஷன் நடக்காது, ஸ்லிப் வராது, வந்தாலும் எடுக்க மாட்டார்கள், இப்போதே ஆட்டோ பிடித்து டவுனில் கவர்மென்ட் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

அவர் என்னை நன்றியோடு பார்க்கவில்லை. கடையில் பஞ்சு விற்க வருகிறவனின் மூட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உள்ளே ஏதாவது கலந்திருக்கிறதா என்று.

"கம்பெனில சொல்லி அனுப்சாங்களா?"

இல்லை, நானாக வந்தேன் என்றேன்.

"நாங்களா கெளம்பிப் போய்ட்டா கார்டு செல்லாது. நீதானேம்மா சொன்னே? பட்டியல்ல இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போனாலும் செல்லாதுன்னே. இப்ப நீயே வந்து போகச் சொல்றே. நாளைக்கு, அவுங்களாத்தான் போனாங்க, நாங்க என்ன பண்றதுன்னு உங்க சார் சொல்லுவாரு. அதுக்குத்தானே?"

ஒரு எழுத்துக்கூட மாறாமல் நான் சொல்லிக்கொடுத்த விதிகள். அவ்வளவு நன்றாக விளக்கியிருக்கிறேன். நான் சத்தியம் செய்தேன். அதையும் சந்தேகத்தோடு கேட்டுக்கொண்டார். அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். ஒரு வருஷமாகக் கம்பெனியைப் பற்றி நல்லதாக மட்டுமே பேசிய பெண் திடீரென்று வந்து ஓடு என்றால், அவளை யார் அனுப்பினார்கள் என்றுதான் தோன்றும். உள்ளே பாயம்மா முனகினார். பாய் அசையவில்லை. இந்தக் கட்டிலை விட்டால் கார்டு போய்விடும், கார்டு போனால் ஆபரேஷன் போய்விடும் என்று சுவரோடு ஒட்டி நின்றார்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் பையிலிருந்து சீலை எடுத்துக் காட்டினேன். இதோ, உங்களைத் தடுத்தது இதுதான், ஸ்லிப்பில் இதைக் குத்திக் கொடுக்கத்தான் முதலில் எடுத்தேன், இப்போது அதற்கும் பிரயோஜனம் இல்லை என்று ஏதோ உளறினேன். டிபன் பையில் உரசிச் சந்தனம் பாதி அழிந்திருந்தது. குங்குமம் என் விரலெல்லாம்.

பாய் கையை நீட்டவில்லை. அதைத் தொடாமலே குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"இது சாமிக்கு வச்சதுல்ல?"

ஆமாம் என்றேன்.

"உங்க சாமிக்கு வச்சத நீயே எடுத்துட்டு வந்துட்டியா?"

அதற்கும் ஆமாம் என்றேன். அவர் என் விரலில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். கம்பெனி சொல்லி அனுப்புகிற எந்தப் பெண்ணும் அதைச் செய்ய மாட்டாள் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். வேறு எதையும் கேட்காமல் உள்ளே போய், பாயம்மாவின் முதுகுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினார். டிரிப்ஸைக் கழற்றச் சொல்லி நர்ஸிடம் சத்தம் போட்டார். அன்று முழுவதும் அவர் போட்ட ஒரே சத்தம் அதுதான்.

ஆட்டோவில் பாயம்மா என் தோளில் சாய்ந்து வந்தார். கார்டை எடுத்துக்கொண்டீர்களா என்று பாயிடம் இரண்டு முறை கேட்டார். அவர் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். அன்று இரவே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வெடித்திருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் பாயைத்தான் திட்டினார்.

திங்கட்கிழமை எம்.டி. நல்ல நேரத்துக்கு வந்தார், கையில் மல்லிகைச் சரத்தோடு. தட்டில் சந்தனத்துக்கு நடுவே வட்டமாக ஒரு வெற்றிடம். நாங்கள் மூன்று பேரும் பக்கத்தில் நின்றோம். சீல் என் டிபன் பையிலேயே இருந்தது; எப்படிச் சொல்வது என்று ரயிலிலேயே யோசித்து வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். போனை எடுத்து மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கொரட்டூர் அண்ணன் என் காதருகே வந்தார். "தேடல பாத்தியா? தேவைன்னா தேடுவான்ல."

நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் முன்படியில் இறங்கி, ரயிலேறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாயம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். பாய் மருந்து வாங்கப் போயிருந்தார். பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் பாயம்மா ஏற்கெனவே என்னைப் பற்றிச் சொல்லியிருப்பார் போல. அந்த அம்மாள் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பாயம்மா கஞ்சி டம்ளரை வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எங்க தங்கச்சிக்கும் அந்தக் கார்டு போட்டுத் தாம்மா. நீ இருக்கிற கம்பெனின்னா நம்பிச் சேரலாம்."

வேண்டாம் என்றேன். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொல்லியிருக்க வேண்டும். பாயம்மா என் கையை விட்டார். தங்கைக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. நான் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.